சல்லடையைக் கழற்றிய மாணவி

சென்ற ஆண்டு மேல்நிலை வகுப்பு மாணவியருக்காக நம் பள்ளியில் மேற்படிப்பு வழிகாட்டும் கூட்டம் ஒன்று நடந்தது. மருத்துவம் என்றதும் நாற்பது கைகள் உயர்ந்தன. கணிப்பொறி என்றதும் அரங்கின் பாதி எழுந்து நின்றது. “எந்திரப் பொறியியல்?” என்று சிஸ்டர் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, “கிரீஸ் கறை போகாது சிஸ்டர்!” என்று சொல்ல, அரங்கமே சிரித்தது. சிஸ்டரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த எங்கள் எண்மரையும் அழைத்து, “எந்திரப் பொறியியல் படித்த ஒரு பெண் தம் கையால் என்னென்ன செய்தார் என்று தேடிப் படித்து எழுதுங்கள்” என்றார். அந்தப் பெண்ணின் பெயர் ஏமி ஸ்மித். அவரைப் பற்றிப் படித்ததையும், படித்ததோடு நில்லாமல் பரிசோதனைக்கூடத்தின் பின்புறம் நாங்கள் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம்.

ஏமி ஸ்மித் 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். தந்தையார் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர். இக்கழகத்தை உலகம் எம்.ஐ.டி. என்று சுருக்கி அழைக்கிறது. (நம் குரோம்பேட்டையிலும் 1949-இல் தொடங்கிய ஓர் எம்.ஐ.டி. உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்களில் ஒருத்தி குழப்பிக்கொண்டாள்.) தந்தையாரின் பணியை முன்னிட்டு, சிறுமியாயிருந்தபோது ஏமி ஓராண்டுக் காலம் இந்தியாவில் வாழ்ந்திருக்கிறார். வறுமை எப்படியிருக்கும் என்பதை அந்த வயதிலேயே கண்டது தம் மனத்தில் தங்கிவிட்டது என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு. 1984-இல் எம்.ஐ.டி.யில் எந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1986-இல் பீஸ் கோர் என்னும் அமெரிக்கத் தொண்டர் அமைப்பின் வழியாக ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டுக்குச் சென்றார். முதலில் பள்ளியாசிரியை, பிறகு விவசாயத் துறையில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுப்பவர். நான்கு ஆண்டுகள் அங்கே தங்கினார். அதன் பின்னரே மீண்டும் மாணவியாக எம்.ஐ.டி.க்குத் திரும்பி, 1995-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். நாம் சொல்லப்போகும் கருவிகளில் முதல் இரண்டும் இந்த இரண்டாம் மாணவப் பருவத்தோடு தொடர்புடையவை.

போட்ஸ்வானாவின் பெரும்பகுதி கலஹாரிப் பாலைவனம். அங்கே மக்களின் முதன்மை உணவு சோளம். அதை மாவாக்கும் வேலை பெண்களுடையது. மரத்தைக் குடைந்து செய்த உரல், உயரமான உலக்கை, எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தும் இருவர் என்று அக்காட்சி ஏறக்குறைய நம் ஆச்சிமார் சொல்லும் கதையேதான். ஒரு வேளைக் கூழுக்கு வேண்டிய மாவுக்காக ஒரு பெண் நெடுநேரம் குத்த வேண்டும். குத்திய பிறகு புடைக்க வேண்டும்; புடைத்த பிறகு மறுபடியும் குத்த வேண்டும். தாய்க்கு முடியாதபோது அந்த உலக்கை மகளின் கைக்கு வரும். அந்த நேரத்தில் மகள் பள்ளியில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நம்மைத் தொடும் செய்தி.

“மாவு மில் வைத்துவிட்டால் போயிற்று” என்று நமக்குத் தோன்றும். மில்களும் இருந்தன. சுத்தியல் அரவை எந்திரம் என்பது அதன் பெயர். நம்மூர் மாவு மில்லில் மிளகாய்ப்பொடி அரைக்கும் பல்வரைசர் மெஷினை உற்று நோக்கினால் அதன் அமைப்பு விளங்கும். ஓர் அச்சில் சிறு இரும்புப் பட்டைகள் தொங்குகின்றன. அச்சு வேகமாகச் சுழலும்போது அவை விரிந்து நின்று, மேலிருந்து விழும் தானியத்தை அடித்து நொறுக்குகின்றன. சுற்றிலும் துளையிட்ட இரும்புச் சல்லடை ஒன்று வளைந்து நிற்கிறது. துளையைவிடச் சிறியதானது வெளியேறும். பெரியது உள்ளேயே நின்று மறுபடி அடிபடும். எளிய ஏற்பாடுதான்.

குறை அந்தச் சல்லடையில்தான் இருந்தது. ஆயிரக்கணக்கான நுண்ணிய துளைகளை ஒரே அளவில் இரும்புத் தகட்டில் இடுவது கிராமத்துக் கொல்லரால் ஆகக்கூடிய காரியம் அன்று. அதற்குப் பெரிய தொழிற்சாலை எந்திரம் வேண்டும். தானியத்தோடு ஒரு கல் விழுந்து சல்லடை கிழிந்தால், புதியது நகரத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். அது வரும்வரை மெஷின் சும்மா நிற்கும். பெண்கள் பழைய உரலுக்கே திரும்புவார்கள். தானமாக வந்த ஒரு நல்ல எந்திரம் ஒரே ஒரு தகட்டினால் பழைய இரும்பாகிவிடுகிறது.

இன்னும் வலுவான சல்லடையைச் செய்ய முயல்வதுதான் இயல்பு. ஏமி ஸ்மித் சல்லடையே இல்லாத எந்திரம் ஒன்றை வடிவமைத்தார். மாவையும் குருணையையும் பிரிக்கும் வேலையைக் காற்றிடம் கொடுத்தார். சுத்தியல்கள் சுழலும்போது அவையே விசிறிபோலக் காற்றை உண்டாக்குகின்றன. அக்காற்று நுண்ணிய மாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. கனத்த குருணையைக் காற்றால் தூக்க முடிவதில்லை. அது மீண்டும் அடிபடுகிறது. களத்துமேட்டில் முறத்தை உயர்த்திப் பிடித்து நெல் தூற்றுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? பதர் பறக்கிறது, மணி காலடியில் விழுகிறது. அதே தூற்றல்தான் எந்திரத்தின் உள்ளே ஓயாமல் நடக்கிறது.

சிறியதைக் காற்று தூக்குகிறது, பெரியதை ஏன் தூக்குவதில்லை? “கனம் குறைவு” என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் எங்கள் இயற்பியல் ஆசிரியை விடவில்லை. கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னார். 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றையும் 1 மில்லிமீட்டர் பக்கமுள்ளது ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். பருமன் 8-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கிறது. ஆகவே எடையும் அப்படியே. ஆனால் காற்று மோதுகின்ற முகப்பின் பரப்போ 4-க்கு 1 என்ற விகிதம்தான். எனவே துகளின் அளவு பாதியாகும்போது எடை எட்டில் ஒன்றாகிறது, காற்றின் பிடியோ நாலில் ஒன்றாகத்தான் குறைகிறது. எடையோடு ஒப்பிட்டால் சிறிய துகளின்மேல் காற்றுக்கு இரண்டு மடங்கு பிடி. துகள் பொடியாகப் பொடியாக இந்தப் பிடி ஏறிக்கொண்டே போகும். கணக்குப் புத்தகத்தில் பருமன், பரப்பு என்று மனப்பாடம் செய்த நாங்கள், அது மாவு சலிக்கும் என்று அறிந்தது அன்றுதான்.

இந்த எந்திரத்தை உள்ளூர்க் கொல்லரே செய்யலாம், பழுதானால் அவரே சரிசெய்யலாம். இதைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

அடுத்த கருவியில் சுழலும் சக்கரம் ஏதும் இல்லை. ஒரு கிராமத்துக் கிணற்று நீர் குடிக்கத் தகுந்ததா என்று அறிய வேண்டும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலி பாக்டீரியாகூடக் காணப்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் ஒற்றைப் பாக்டீரியாவை எப்படிக் காண்பது? நீரை மிக நுண்ணிய வடிதாளில் வடிகட்டி, அந்தத் தாளைக் கிருமிகளுக்கான உணவின்மேல் வைத்து, நம் உடல் வெப்பத்துக்கு ஒப்பான சூட்டில் ஏறத்தாழ 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கிருமியும் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணிவிடலாம்.

24 மணி நேரமும் சூடு மாறாமல் இருக்க மின்சார அடைகாப்புப் பெட்டி வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் என்ன செய்வது? நீரை நகரத்துக்குக் கொண்டு போவதற்குள் கிருமிகளின் எண்ணிக்கை மாறிவிடும். ஏமி ஸ்மித் இங்கே மின்சாரத்தை நீக்கிவிட்டார். 37 டிகிரி அளவில் உருகி உறையும் ஒரு வேதிப்பொருளைச் சிறு பிளாஸ்டிக் உருண்டைகளில் அடைத்தார். உருண்டைகளை வெந்நீரில் இட்டால் உள்ளிருப்பது உருகிவிடும். பிறகு வெப்பம் வெளியேறாத பெட்டியில் பரிசோதனைத் தட்டுகளைச் சுற்றி அவற்றை அடுக்கினால், அப்பொருள் மெல்ல மெல்ல உறைந்துகொண்டே தன் சூட்டை விட்டுக்கொடுக்கும். முழுதும் உறைந்து முடியும்வரை வெப்பநிலை இறங்காது.

இது நாம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதிவரும் உள்ளுறை வெப்பமே. 0 டிகிரியிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டி அதே 0 டிகிரி நீராக மாற 80 கலோரி வேண்டும். மறுபடி உறையும்போது அந்த 80-ஐயும் திருப்பித் தந்துவிடும். வெப்பமானியின் பாதரசமோ அசையாமல் நிற்கும். மார்கழிக் காலையில் குளியலறையில் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது ஏறத்தாழ 24 டிகிரியில் உருகுகிறது. எண்ணெய் 37 டிகிரியில் உருகுவதாக இருந்திருந்தால் இந்தக் கருவியை நம்மில் யாரேனும் எப்போதோ கண்டுபிடித்திருக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னதை நாங்கள் முழுவதும் நம்பவில்லை.

இந்த அடைகாப்புப் பெட்டிக்காக ஏமி ஸ்மித்துக்கு 1999-இல் கல்லூரி மாணவக் கண்டுபிடிப்பாளர்களுக்கான பி.எஃப். குட்ரிச் விருது கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் லெமல்சன்–எம்.ஐ.டி. மாணவர் பரிசான 30,000 டாலரைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே.

இனி வருவது கரியின் கதை. இதில் நாங்களும் கை வைத்தோம். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஏமி ஸ்மித் தாமே ஆசிரியையான பின், தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கரீபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டுக்குச் சென்றுவந்தார். அங்கே வீட்டுக்கு வீடு மரக்கரி அடுப்பு. கரிக்காக மரங்கள் வெட்டப்பட்டு மலைகள் மொட்டையாயின. மழை பெய்தால் மண் சரிந்து கடலுக்குப் போயிற்று. மரத்தை வெட்டாதே என்று ஏழைத் தாயிடம் சொல்வது எளிது. பிள்ளைகளுக்குச் சோறு எதில் ஆக்குவது? அங்கே கரும்பு விளைகிறது; சாறு பிழிந்த சக்கை குவிந்து கிடக்கிறது. அந்தச் சக்கையையே கரியாக்க முடியுமா என்று அக்குழுவினர் முயன்றனர்.

முறை இதுதான். பழைய எண்ணெய் டிரம் ஒன்றில் காய்ந்த சக்கையை நிரப்பித் தீ வைக்கிறார்கள். சிறிது நேரம் எரிந்ததும், காற்றுப் புகாதவாறு டிரம்மை மூடிவிடுகிறார்கள். சக்கையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் கலந்திருக்கின்றன. சூடேறும்போது முதலில் ஈரம் வெண்புகையாகப் போகிறது. பிறகு எரிவாயுக்களும் தாரும் அடர்ந்த புகையாகப் போகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் கார்பன். காற்று இருந்தால் அதுவும் எரிந்து சாம்பலாகும். காற்றை அடைத்துவிட்டால் கரியாக நின்றுவிடும். கண்ணை எரிக்கும் புகையெல்லாம் வெட்டவெளியில் போய்விடுவதால், பிறகு அந்தக் கரி அடுக்களையில் எரியும்போது புகை மிகக் குறைவு. (ஆனால் புகை இல்லை என்பதற்காக எந்தக் கரியையும் மூடிய அறையில் எரிக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வரும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.)

எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே கரும்புச்சாறு வண்டி நிற்பதை எல்லாரும் அறிவீர்கள். வண்டிக்கார அண்ணாச்சியிடம் சக்கை கேட்டபோது, “எதுக்கும்மா? வீட்டுல மாடு வளக்கீகளா?” என்று கேட்டுவிட்டு ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். 20 லிட்டர் பெயின்ட் டின் ஒன்று கிடைத்தது. அடியில் துளைகள் இட்டு, மூன்று செங்கல்மேல் ஏற்றினோம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு, சிஸ்டரும் ஆசிரியையும் நிற்க, தீ வைத்தோம்.

முதல் நாள் வெறும் புகைதான். சக்கை காய்ந்தது என்று நாங்கள் நினைத்தது தவறு. உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஆறாம் வகுப்பு முழுவதும் இருமியது. மொட்டை மாடியில் நான்கு நாள் வெயிலில் உலர்த்திய பின் இரண்டாம் முறை நன்றாகப் பற்றியது. புகை மெலிந்ததும் அடியில் மணலைக் கொட்டி, மேலே மூடியை வைத்து அடைத்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். மணி அடித்துவிட்டால் வகுப்புக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் அரைமணியிலேயே மூடியைத் திறந்து பார்த்தோம். கறுப்பாகப் பளபளத்தது. “ஆகா!” என்று நாங்கள் கூவி முடிப்பதற்குள் காற்றுப் பட்ட கரி மறுபடி கனன்று, கண்முன்னே வெள்ளைச் சாம்பலாயிற்று. மூன்றாம் முறை மாலையில் மூடி, மறுநாள் காலைச் செபம் முடிந்தபின் திறந்தோம். கரி! ஆனால் விரலால் தொட்டால் தூளாகிற கரி.

ஹெய்ட்டியிலும் இதே இடர்ப்பாடுதான். தூளாக உள்ள கரி அடுப்பில் பஞ்சுபோல் ஒரு நொடியில் எரிந்துவிடும், சோறு வேகாது. மாவைக் காற்றிடம் கொடுத்த அதே பரப்புக் கணக்குதான் இங்கே எதிராக நிற்கிறது. பொடிப்பொடியாக இருப்பதற்குப் பரப்பு அதிகம். காற்று எல்லாப் பக்கமும் பட்டு விரைந்து எரிகிறது. ஆகவே தூளைக் கட்டியாகப் பிடிக்க ஒரு பசை வேண்டும். விலை கொடுத்து வாங்கும் பசை ஏழைக்கு ஆகாது.

இதற்கு வழி சொன்னவர் ஏமி ஸ்மித்தின் மாணவர் ஒருவர். அவர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டைச் சேர்ந்தவர். சிறுவயதில் தம் தாயார் ஆக்கித் தரும் ‘கொகொன்டே’ என்ற களி அவருக்கு நினைவுக்கு வந்தது. மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வது. கையில் ஒட்டினால் எளிதில் போகாது. மரவள்ளி ஹெய்ட்டியிலும் விளைகிறது! அந்தக் களியையே பசையாக்கி, கரித்தூளோடு பிசைந்து, அச்சில் அழுத்திக் கட்டியாக்கினார்கள். எம்.ஐ.டி.யின் பரிசோதனைக்கூடங்களில் எத்தனையோ பசைகள் இருந்திருக்கும். வேலைக்கு ஆனது ஒரு தாயின் அடுக்களைப் பசை.

நமக்கு இது அந்நியமே அன்று. சேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்வது இதே மரவள்ளிக் கிழங்கில்தான். நாங்கள் ஜவ்வரிசியைக் காய்ச்சிக் கூழாக்கினோம். கூழ் மிகுந்தால் கட்டி காயும்போது வெடிக்கிறது, எரியும்போது புகைகிறது, குறைந்தால் உதிர்கிறது. பத்துப் பங்கு கரித்தூளுக்கு ஒரு பங்கு ஜவ்வரிசி என்பது மூன்று நாள் கறுத்த கையோடு நாங்கள் கண்ட அளவு. பின்வரிசைத் தோழிக்கு ஒரு செய்தி: கிரீஸ் கறையைவிடக் கரிக்கறை மேலானது என்று நினைத்துவிடாதே.

அச்சு செய்ததுதான் உண்மையான எந்திரப் பொறியியல் என்று சொல்ல வேண்டும். தண்ணீர்க் குழாய் பதித்தவர்கள் விட்டுச்சென்ற பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதற்குள் கரிக்கலவையை இட்டு, மேலிருந்து அழுத்த ஒரு மரக்கட்டை வேண்டும். கட்டையை அரத்தால் ராவினோம். முதலில் உள்ளே நுழையவில்லை. இன்னும் ராவியபோது நுழைந்தது, ஆனால் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. கோபத்தில் நிறைய ராவிவிட்டோம்; இப்போது கட்டைக்கும் குழாய்க்கும் இடையே கலவை பிதுங்கிக்கொண்டு மேலே வந்தது. கட்டை வீண். அப்போதுதான் பரிசோதனைக்கூடத்து வெர்னியர் அளவியின் நினைவு வந்தது. 0.01 சென்டிமீட்டர் வரை காட்டும் அக்கருவியால் குண்டின் விட்டத்தை அளந்து மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்திருந்தோம். குழாயின் உள்விட்டத்தை அளந்து, இரண்டாம் கட்டையை அதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக இருக்குமாறு, ஒவ்வொரு முறையும் அளந்து அளந்து ராவினோம். இரண்டு மதிய இடைவேளைகள் ஆயின. கட்டை குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு இறங்கிய அந்த நொடியில் நாங்கள் போட்ட கூச்சலுக்குத் தலைமையாசிரியை அறையிலிருந்து ஆள் வந்தது. ஓர் உறுப்புக்குள் இன்னோர் உறுப்பு எவ்வளவு இடைவெளியோடு பொருந்த வேண்டும் என்பதற்கே எந்திரப் பொறியியலில் தனிப் பாடமும் அட்டவணைகளும் உண்டு என்று ஆசிரியை பிறகு சொன்னார்.

கட்டிகளை ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி, மண் அடுப்பில் வைத்துப் பற்றவைத்தோம். பற்றுவதற்கு நேரமாயிற்று, பற்றிய பின் சுடர் இல்லாமல், புகை அதிகமில்லாமல் சிவந்து நின்றது. எட்டுப் பேருக்கும் சிஸ்டருக்கும் ஆசிரியைக்கும் தேநீர் கொதித்தது. சாம்பல் நிறைய விழுகிறது. மரக்கரி அளவுக்குச் சூடு இல்லை என்றும் எங்களுக்குத் தோன்றிற்று. நான்கு கட்டிகளை எங்களில் ஒருத்தி ஊருக்கு எடுத்துச் சென்று, விறகடுப்பில் ஊதி ஊதி இருமும் தன் ஆச்சியிடம் கொடுத்தாள். ஆச்சி அதில் பனங்கிழங்கு அவித்துவிட்டு, “புகை இல்ல, சரி, இன்னும் நாலு வேணும்னா யாருட்டி செஞ்சு தருவா?” என்று கேட்டாராம். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஏமி ஸ்மித் குழுவினருக்கும் இந்தக் கேள்வி இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர்கள் பிற்பாடு மக்காச்சோளக் கட்டையைக் கரியாக்கினார்கள். கதிரிலிருந்து மணியை உதிர்த்தபின் எஞ்சும் கட்டை இயற்கையிலேயே கெட்டியாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது. கரியான பின்னும் வடிவம் குலைவதில்லை. பசையும் வேண்டாம், அச்சும் வேண்டாம், டிரம்மிலிருந்து எடுத்து நேரே அடுப்பில் இடலாம். மாணவர்கள் பாடுபட்டுச் செய்த அச்சையே தேவையில்லை என்று ஒதுக்கிவிட மனம் வந்ததே, அதுதான் எங்களுக்கு வியப்பாயிருந்தது. நாங்கள் ராவிய கட்டையை ஒதுக்கிவிட எங்களுக்கு மனமில்லை. அது அறிவியல் மன்ற அலமாரியில் இருக்கிறது. மேலும், எல்லா ஊரிலும் மக்காச்சோளம் விளைவதில்லை. சக்கைதான் உள்ள ஊருக்கு அச்சு வேண்டியதுதானே?

2002-இல் இவர் எம்.ஐ.டி.யில் தொடங்கிய வகுப்பே பின்னர் டி-லேப் என்ற பெயரில் வளர்ந்தது. அதில் சேரும் மாணவர்கள் ஒரு வாரம் நாளொன்றுக்கு 2 டாலரில் உணவை முடித்துக்கொள்ள வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு; ஆசிரியையும் உடன் செய்வார். பிறகு ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்க ஊர்களுக்குச் சென்று, அவ்வூர்க் கைவினைஞரோடு அமர்ந்து கருவிகள் செய்வார்கள். 2004-இல் ஏமி ஸ்மித்துக்கு மக்கார்தர் நல்கை வழங்கப்பட்டது.

நம் நாட்டிலும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1940-களிலேயே ஏ. லலிதா மின்பொறியியலும், பி.கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டடப் பொறியியலும் படித்துப் பட்டம் பெற்றனர். மூவரில் ஒருவரும் எந்திரப் பொறியியலை எடுக்கவில்லை என்பதைக் கவனித்தோம். எங்கள் எண்மரில் இருவர் இப்போது அதற்கு விண்ணப்பிப்பதாக இருக்கிறார்கள். ஒருத்தியின் அப்பா சம்மதித்துவிட்டார். மற்றவள் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. சிஸ்டர் ஒரு முறை வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கரும்புச்சாறு அண்ணாச்சி இப்போதெல்லாம் சக்கையைத் தாமே வெயிலில் காயவைத்து எங்களுக்காகக் கட்டி வைக்கிறார். இஸ்திரி போடும் அக்கா ஒருவர் எங்கள் கரியைப் பெட்டியில் இட்டுப் பார்த்துவிட்டு, சாம்பல் துணியில் விழுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்து நிலக்கடலைத் தோலை முயல்வதாக இருக்கிறோம். எங்கள் பெயின்ட் டின்னின் அடிப்பாகம் ஆறு முறைச் சூட்டில் இற்று விழுந்துவிட்டது. வீட்டில் வெள்ளையடித்து மீந்த 20 லிட்டர் டின் இருக்குமானால், அது இரும்பு டின்னாக இருக்க வேண்டும், அறிவியல் மன்றத்தில் கொண்டுவந்து கொடுத்து உதவுங்கள். மூடியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.